நிறுத்தியபோது தெரிந்தவை: லித்தியம் சிகிச்சையின் வரலாறு

இருமுனைக் கோளாறு உள்ளவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ மனம் அளவுக்கு மீறிப் பொங்கும்; இதுவே மனஎழுச்சி. தூக்கம் தேவைப்படாது, பேச்சு ஓயாது. கடன் வாங்கிச் செலவழிப்பதும் கையிலிருக்கும் வேலையை உதறுவதும் மிக இயல்பான காரியங்களாகத் தோன்றும். இன்னொரு காலத்தில் அதே மனிதர் எழுந்து முகம் கழுவக்கூட முடியாத சோர்வில் கிடப்பார். இரண்டுக்கும் நடுவே முழு நலத்தோடு கழியும் மாதங்களும் ஆண்டுகளும் உண்டு. அந்த நல்ல நாட்களிலும் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதே இந்நோய்க்கான நீண்டகாலச் சிகிச்சையின் அடிப்படை. இதற்குத் தரப்படும் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகளில் மூத்தது லித்தியம். அது நோய் திரும்பாமல் காக்கிறது என்ற அறிவு பெரும்பாலும் அதை நிறுத்தியபோதுதான் கிடைத்தது. நோயாளிகள் தாமாக நிறுத்தினார்கள், மருத்துவர்கள் நிறுத்தச் சொன்னார்கள், ஆய்வாளர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தெரியவந்தது. அதற்கான விலையை நோயாளிகளே கொடுத்தார்கள்.

லித்தியம் என்ற தனிமத்தை 1817இல் சுவீடனின் யோஹன் ஆகஸ்ட் ஆர்ப்வெட்சன், ஊட்டோ தீவில் கிடைத்த ஒரு கனிமத்திலிருந்து கண்டறிந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது மூட்டுவாதத்துக்கு மருந்தாயிற்று. உடலில் சேரும் யூரிக் அமிலமே அந்த நோய்க்குக் காரணம் என்றும் லித்திய உப்பு அதைக் கரைக்கும் என்றும் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் காரட் கருதினார். கோபன்ஹேகனில் கார்ல் லாங்கே, திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கும் யூரிக் அமிலமே காரணம் என்று நம்பித் தம் நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துவந்தார். 1886இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். சோர்வு வந்த பின் தீர்ப்பதைவிட, வராமல் தடுப்பதே அவர் நோக்கம். யூரிக் அமிலக் கொள்கை தவறு என்று பின்னாளில் தெரிந்ததும் அந்த மருத்துவமும் கைவிடப்பட்டது. காரணத்தை லாங்கே தவறாகச் சொன்னாலும், கண்ணால் கண்டது சரியாக இருந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க அடுத்த அரை நூற்றாண்டில் ஏறக்குறைய யாருமில்லை. மருத்துவ வரலாற்றில் லித்தியம் நிறுத்தப்பட்ட முதல் சந்தர்ப்பம் என்று இதையே சொல்லலாம்.

இரண்டாம் தொடக்கம் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. மனநல மருத்துவர் ஜான் கேட் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கி, சாங்கி முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியதும் மெல்போர்னை ஒட்டிய பண்டூரா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். மனஎழுச்சி நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. அதைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க, அது எளிதில் கரைவதற்காக அதன் லித்திய உப்பைப் பயன்படுத்தியபோது விலங்குகள் எதிர்பாராத வகையில் அடங்கிப்போயின. லித்தியம் கார்பனேட்டை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் அவை இரண்டு மணி நேரத்தில் சோர்ந்து, மல்லாத்திப் போட்டால்கூடத் துள்ளி எழாமல் கிடந்தன. முதலில் தாமே அந்த மருந்தை உட்கொண்டு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு நோயாளிகளிடம் போனார்.

1949 செப்டம்பர் 3 அன்று ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியான அவருடைய கட்டுரையில் பத்து மனஎழுச்சி நோயாளிகளின் விவரம் இருக்கிறது. அவர்களில் முதலாமவர் டபிள்யூ. பி. என்ற முதலெழுத்துகளால் குறிக்கப்படும் 51 வயது மனிதர். ஐந்து ஆண்டுகளாக ஓயாத எழுச்சியில் இருந்தவர். அந்த வார்டிலேயே மிகுந்த தொல்லை தருபவர் என்று பெயர் வாங்கியவர். 1948 மார்ச் 29 அன்று அவருக்கு லித்தியம் தொடங்கப்பட்டது. மூன்று வாரங்களில் உடல் தேறுவோருக்கான வார்டுக்கு மாற்றப்பட்டார். ஜூலை 9 அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நாளொன்றுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து கிரெயின், அதாவது ஏறத்தாழ 325 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் சாப்பிட்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பழைய வேலையிலும் அவர் சேர்ந்துவிட்டார்.

இதே கட்டுரையின் அடுத்த சில வரிகள் அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. டபிள்யூ. பி. மெல்ல மெல்ல மாத்திரையில் அசட்டையானார்; பின்பு முற்றிலும் விட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் வேலையும் போயிற்று. 1949 ஜனவரி 30 அன்று மீண்டும் அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குறைந்தது ஆறு வாரங்களாக அவர் மருந்தைத் தொடவில்லை என்றும் நாளுக்கு நாள் எரிச்சலும் தடுமாற்றமும் கூடிவந்தன என்றும் உறவினர்கள் சொன்னார்கள். லித்தியம் மறுபடி தரப்பட்டது. இரண்டு வாரங்களில் பழையபடி ஆனார். நவீன மருத்துவத்தில் லித்தியத்தால் தேறிய முதல் மனிதரே, அதை நிறுத்தியதால் நோய் திரும்பிய முதல் மனிதருமாவார். இந்த மருந்தைப் பற்றிப் பின்னர் நாற்பது ஆண்டுகள் நடந்த விவாதத்தின் விதை முழுவதும் அந்த ஒரே நோயாளியின் குறிப்பேட்டில் இருக்கிறது.

அவருடைய முடிவும் இங்கே சொல்லப்பட வேண்டும். 1950 மே மாதம் லித்தியம் உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்து அவர் இறந்தார். அந்தக் காலத்தில் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வழக்கமில்லை. பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதும் தெளிவாகத் தெரியவில்லை. 1949இல் அமெரிக்காவில், இதய நோயாளிகள் சமையல் உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்திய லித்தியம் குளோரைடால் உயிர்ச்சேதம் ஏற்பட்டு, அந்தப் பொருள் தடை செய்யப்பட்டது. கேட் தம் மருத்துவமனையில் லித்தியத்தை நிறுத்திவிட்டார். சுடர் ஒளிமானி என்ற கருவியைக் கொண்டு ரத்தத்தில் லித்தியத்தின் அளவைக் கணித்து, மருந்தைப் பாதுகாப்பாகத் தரும் முறையை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு டிராட்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950களின் தொடக்கத்தில் வகுத்தார்கள். அந்தக் கண்காணிப்பு இல்லாதிருந்தால் லித்தியம் அங்கேயே மறைந்திருக்கும்.

அடுத்த கட்டம் டென்மார்க். ஆர்ஹஸ் நகருக்கு அருகே ரிஸ்கோவ் மருத்துவமனையில் மோகன்ஸ் ஷௌ, மனஎழுச்சிக்கு லித்தியம் பயன்படுகிறது என்பதைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 1954இல் வெளியிட்டார். இந்த அளவில் அது எழுச்சி வந்த பின் அடக்கும் மருந்துதான். எழுச்சி அடங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்பதே பொது வழக்கம்.

வோர்டிங்போர்க் மருத்துவமனையில் பணியாற்றிய போல் கிறிஸ்டியன் போஸ்ட்ரூப்பும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். வீடு திரும்பியவர்களுக்குப் பின்விளைவு ஏதும் உண்டா என்று அறிய அவர்களைத் தேடிப் பரிசோதித்தபோது, சிலர் அவர் பேச்சைக் கேட்காமல் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தது தெரிந்தது. கேட்டதற்கு, இதைச் சாப்பிடும்வரை நோய் வருவதில்லை என்றார்கள். தமக்கு நேர்ந்ததை மருத்துவருக்கு முன்பே அவர்கள் கணித்திருந்தார்கள். நோயாளி சொல் கேளாமை என்று பொதுவாகப் பழிக்கப்படும் ஒன்று, தடுப்பு மருத்துவத்தின் தொடக்கமாக அமைந்தது. அதைக் காதில் வாங்கிக்கொண்ட போஸ்ட்ரூப்பின் பணிவும் குறிப்பிடத்தக்கது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹார்டிகன் என்ற மருத்துவரும் லித்தியம் மனச்சோர்வு திரும்புவதைத் தடுக்கிறது என்று கவனித்தார்.

போஸ்ட்ரூப்பும் ஷௌவும் சேர்ந்து 88 பெண் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1967இல் முடிவை வெளியிட்டார்கள். லித்தியம் இல்லாத காலத்தில் சராசரியாக 8 மாதங்களுக்கு ஒருமுறை திரும்பிய நோய், லித்தியம் எடுத்த காலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற அளவுக்குத் தள்ளிப்போனது. மறு ஆண்டே லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த பேரி பிளாக்வெல்லும் மைக்கேல் ஷெப்பர்டும் லான்செட் இதழில் இதைக் கடுமையாக மறுத்தார்கள். அடிக்கடி நோய் வந்தவர்களையே தேர்ந்தெடுத்தால், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பின்னர் குறைவதுபோலத் தோன்றும்; மருந்து பெறாத குழு ஒன்று ஒப்பீட்டுக்கு இல்லை; மருந்து இன்னதென்று மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். இவை நியாயமான ஆட்சேபங்கள். தொனி சுடுவதாக இருந்தாலும், அந்தக் கட்டுரை இல்லாமல் அடுத்த ஆய்வு நடந்திருக்காது.

ஷௌ இக்கட்டில் மாட்டிக்கொண்டார். அவருடைய சொந்தத் தம்பி இருபது வயதிலிருந்து ஆண்டுதோறும் மனச்சோர்வால் துன்பப்பட்டு, லித்தியத்தால் மீண்டவர். மருந்து காக்கிறது என்று மனமார நம்பும் ஒருவர், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுத்து, நோய் வருகிறதா என்று பார்த்திருப்பது எப்படி? ஆனால் பார்க்காவிட்டால் உலகம் நம்பாது; நம்பாத உலகத்தில் பல்லாயிரம் பேர் இந்த மருந்து கிடைக்காமல் துன்பப்படுவார்கள். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். ஏற்கெனவே ஓராண்டுக்கு மேல் லித்தியத்தில் நலமாக இருக்கும் 84 பெண்களில், குலுக்கல் முறையில் 45 பேருக்கு லித்தியம் தொடர்ந்தது. 39 பேருக்கு அதே தோற்றமுள்ள போலி மாத்திரை மாற்றித் தரப்பட்டது. யாருக்கு எது என்று சிகிச்சை தருபவருக்கும் தெரியாது. நோய் திரும்பியவர் உடனே ஆய்விலிருந்து விலக்கப்பட்டு லித்தியத்துக்குத் திரும்புவார். ஒவ்வொரு முடிவும் வந்தவுடன் கணக்கிடப்பட்டு, வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த கணமே ஆய்வு முடிக்கப்படும். தேவைக்கு மேல் ஒருவரும் ஒரு நாளும் மருந்தில்லாமல் இருக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஐந்து மாதங்களில் முடிவு வந்துவிட்டது. லித்தியம் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. போலி மாத்திரைக்கு மாற்றப்பட்ட 39 பேரில் 21 பேருக்குத் திரும்பியது. 1970இல் லான்செட் இதழில் இது வெளியானது. அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மனஎழுச்சிச் சிகிச்சைக்கு லித்தியத்துக்கு அனுமதி அளித்தது. நோய் திரும்பாமல் தடுக்கும் மருந்தாக 1974இல் ஏற்றது. இயற்கையில் கிடைக்கும் எளிய உப்பு என்பதால் லித்தியத்துக்குக் காப்புரிமை கிடையாது. எந்த நிறுவனமும் பெரும் பணம் செலவழித்து அதைப் பரப்பவில்லை என்பதையும், கேட்டின் கட்டுரைக்குப் பிறகு அனுமதி கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன தாமதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை வேர்விட்ட இடங்களில் மதுரையும் ஒன்று. அங்கே பேராசிரியர் ஏ. வெங்கோபராவும் அவர் குழுவினரும் லித்தியத்தின் தடுப்புப் பயன் பற்றிய தங்கள் அனுபவத்தை 1982இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வெப்பநாட்டில் இந்த மருந்துக்குக் கூடுதல் கவனம் தேவை. வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் உடல்நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்; ரத்தத்தில் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கிப் போடும் சில வலிநிவாரணிகளும், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில நீர்ப்பெருக்கிகளும் அதே வேலையைச் செய்யும். கை நடுக்கமும் வாந்தியும் வந்து, பயந்து மருந்தை நிறுத்திவிடுபவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது அளவைச் சரிசெய்வது மட்டுமே.

மக்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்ற கேள்வி 1970களில்தான் ஒழுங்காகக் கேட்கப்பட்டது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை கூடுதல், கைநடுக்கம், நினைவு மந்தம் ஆகியவை ஒருபுறம். நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்ற நினைப்பு இன்னொருபுறம். எழுச்சிக் காலத்தின் சுறுசுறுப்பையும் மிதப்பையும் இழந்த ஏக்கமும் உண்டு. இதை உள்ளிருந்தே எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் கே ரெட்பீல்ட் ஜேமிசன். இருமுனைக் கோளாறு பற்றிய பெரும் பாடநூலின் இணை ஆசிரியரான அவருக்கே அந்த நோய் இருந்தது; அவரே பலமுறை லித்தியத்தை விட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் நோய் திரும்பிக் கடுமையாகத் தாக்கியது. 1995இல் வெளியான தன்வரலாற்றில் இதை மறைக்காமல் சொல்கிறார். அக்காலத்தில் தரப்பட்ட உயர்ந்த அளவால் அவருக்குப் பல ஆண்டுகள் ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து படிக்க முடியவில்லை. பின்னர் அளவு குறைக்கப்பட்டதும் படிக்கும் திறன் திரும்பியது. நோயைப் பற்றி அவரைவிடக் கூடுதலாக அறிந்தவர்கள் மிகச் சிலரே. அப்படிப்பட்டவரும் நிறுத்தினார் என்றால், நிறுத்துவதை அறியாமை என்றோ அலட்சியம் என்றோ ஒதுக்கிவிடுவது அநீதி.

மருத்துவர்களையும் அச்சம் பற்றிக்கொண்ட ஒரு காலம் உண்டு. நீண்டகாலம் லித்தியம் எடுத்தவர்களின் சிறுநீரகத் திசுக்களில் சேதம் இருப்பதாக 1977இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் தெரிவித்தார்கள். அதைத் தொடர்ந்து பல இடங்களில் மருந்து நிறுத்தப்பட்டது. அந்த அச்சம் முழுதும் ஆதாரமற்றதல்ல. பல பத்தாண்டுகள் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைவதுண்டு, தைராய்டு சுரப்பு குறைவது அதைவிடப் பரவலானது. அதற்குக் கிடைத்த விடை குறைந்த அளவும் ஒழுங்கான ரத்தப் பரிசோதனையும். முன்பு லிட்டருக்கு 0.8 முதல் 1.2 மில்லிமோல் வரை வைத்த அளவு, பெரும்பாலானோருக்கு 0.6 முதல் 0.8 வரை என்று இறங்கியது.

1980களின் இறுதியில் ஒரு புதிய ஐயம் எழுந்தது. மருந்தை நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் தன் இயல்பான வேகத்தில் வெளிவருகிறதா, அல்லது நிறுத்தும் செயலே நோயைத் தூண்டுகிறதா? எடின்பரோவில் மாண்டரும் லௌடனும் 1988இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், லித்தியத்தைத் திடீரென நிறுத்திய 14 பேரில் 7 பேருக்குச் சில வாரங்களில் நோய் திரும்பியது. அடுத்து ஹார்வர்டைச் சேர்ந்த சப்பெஸ், பால்டெசரினி முதலியோர் 1991இல் 14 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தார்கள். மொத்தம் 257 நோயாளிகள். சராசரியாக இரண்டரை ஆண்டுகள் லித்தியம் எடுத்து நிறுத்தியவர்கள் அவர்கள். திரும்ப வந்த நோய்களில் பாதிக்கு மேல் நிறுத்திய 10 வாரங்களுக்குள் வந்திருந்தன. மனஎழுச்சி முந்திக்கொண்டு வந்தது. மனச்சோர்வு பின்னால் வந்தது. நோய் தன் போக்கில் திரும்பியிருந்தால் அது மாதங்கள், ஆண்டுகள் என்று பரவியிருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் இப்படிக் குவிந்திருக்காது. நிறுத்தம் தனியாகவே ஓர் ஆபத்து என்ற எண்ணம் அப்போதுதான் உறுதிப்பட்டது.

அப்படியானால் நிறுத்தும் வேகத்துக்கும் பங்கு இருக்க வேண்டும். பால்டெசரினியோடு சார்டினியாவின் தொண்டோவும், பையெத்தாவும் மற்றவர்களும் 1993இல் 64 பேரை ஆராய்ந்து இதைக் காட்டினார்கள். இரண்டு வாரங்களுக்குள் நிறுத்தியவர்களைவிட, இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவும் தாமதமாகவும் இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகளும் லித்தியத்தை நிறுத்திய பின் பல மடங்கு கூடின, குறிப்பாக முதல் ஓராண்டில் என்று அதே குழுவினர் பிறகு தெரிவித்தார்கள். மெதுவாக நிறுத்தியவர்களிடம் அந்த ஆபத்தும் குறைவாக இருந்தது. இந்தத் துறையில் கிடைத்த முடிவுகளில் மிகவும் கனமானது இதுவே. நிறுத்திய பிறகு வரும் மாதங்களில் வீட்டார் கண்ணை அகற்றாமல் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

1992இல் ராபர்ட் போஸ்ட் இன்னொரு கவலையைக் கிளப்பினார். லித்தியத்தில் நலமாக இருந்து, நிறுத்தி, நோய் திரும்பிய பின் மீண்டும் தொடங்கிய நான்கு பேருக்கு அது முன்போல் வேலை செய்யவில்லை. பின்னர் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது இது பொதுவிதியாகத் தெரியவில்லை. பெரும்பாலோருக்கு மருந்து மறுபடி பலித்தது. 1994இல் பிரிட்டனின் கை குட்வின் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். இரண்டு ஆண்டுகள்கூடத் தொடர மாட்டார் என்று தெரிந்தால், நிறுத்தும்போது வரும் ஆபத்து மருந்தால் கிடைத்த பயனைத் தின்றுவிடும். அத்தகையவருக்குத் தொடங்காமலே இருப்பது நலமாகலாம் என்றார். மருந்துச் சீட்டு எழுதும் முன்பே இந்த உரையாடல் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் அதிலிருந்து வருகிறது. பல மருத்துவமனைகளின் புறநோயாளி வரிசையில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

மற்ற மருந்துகளின் கதை சுருக்கமானது. வலிப்புக்கான மருந்துகளாக வந்தவையே இங்கும் பயன்பட்டன: பிரான்சில் லம்பேர் 1966இல் வால்பிராயேட் வகை மருந்தையும், ஜப்பானில் 1970களின் தொடக்கத்தில் ஒகுமா முதலியோர் கார்பமசெபினையும் சோதித்தார்கள், லாமோட்ரிஜின் பின்னால் வந்தது. இவற்றை நிறுத்துவது பற்றிய சான்று லித்தியத்துக்கு இருப்பதுபோல் விரிவானதல்ல. ஆனால் வலிப்பு நோய் உள்ளவர் இவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். லாமோட்ரிஜின் சில நாட்களுக்கு மேல் விடுபட்டுப்போனால், பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. தோலைப் பாதிக்கும் கடுமையான ஒவ்வாமையைத் தவிர்க்க, மருத்துவர் சொல்லும் மிகக் குறைந்த அளவிலிருந்து மீண்டும் ஏற வேண்டும்.

பெண்கள் மருந்தை நிறுத்தும் பெரிய சந்தர்ப்பம் கர்ப்பம். லித்தியம் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை ஷௌ 1968இல் தொடங்கினார். இதயக் கோளாறுகள், அதிலும் எப்ஸ்டைன் என்னும் அரிய வகை, அந்தப் பதிவேட்டில் கூடுதலாகத் தெரிந்தன. அதனால் கர்ப்பம் உறுதியானதும் உடனே மருந்தை நிறுத்துவது வழக்கமாயிற்று. பிந்தைய ஆய்வுகள் அந்த ஆபத்து முதலில் நினைத்ததைவிடக் குறைவு என்று காட்டின. மறுபக்கக் கணக்கை விகேரா என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2007இல் எழுதினார்கள்: கர்ப்பிணிகள் 89 பேரில், மருந்தை நிறுத்தியவர்களில் 85.5 விழுக்காட்டினருக்கும் தொடர்ந்தவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் கர்ப்ப காலத்திலேயே நோய் திரும்பியது. வால்பிராயேட்டின் நிலை வேறு. கருவில் இருக்கும் குழந்தைக்கு அது தரும் தீங்கு உறுதியானது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும், எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் கருத்தரிக்கும் முன்பே திட்டமிட்டு மாற்றுமருந்து தர வேண்டும்.

சிறுநீரகம் பழுதடையும்போதும் நச்சு அறிகுறி தோன்றும்போதும் லித்தியத்தை நிறுத்தியே ஆக வேண்டும். நச்சு ஏறியவருக்கு அது அன்றைக்கே நடக்க வேண்டும், மருத்துவமனையில் நடக்க வேண்டும். மற்ற எல்லாச் சூழலிலும் அவசரத்துக்கு இடமில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், லித்தியத்தைக் குறைந்தது நான்கு வாரங்களிலும், முடிந்தால் மூன்று மாதங்கள் வரை எடுத்தும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. வேறொரு மருந்து ஏற்கெனவே தொடங்கிவிட்டாலும் இதே விதிதான். குறைக்கும் காலம் முழுவதும், கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று மாதங்களும், எழுச்சியோ சோர்வோ தலைகாட்டுகிறதா என்று நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்கிறது. எழுச்சியின் முதல் அடையாளமாகப் பெரும்பாலும் தென்படுவது தூக்கம் குறைவது. இரவில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கி எழுந்தும் களைப்பில்லாமல் இருப்பவரை அவர் வீட்டார்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியவர்களும் அவர்களே.